புதுக்குடியிருப்பில டிலீட் ஆன பைல்: கிளிநொச்சியில இருந்து லைனால எடுக்கிறதோ, டிஸ்க்கைப் பஸ்ஸில ஏத்திவிடச் சொல்லுறதோ?

விதைப்பு முடிஞ்சு மழை பிடிச்சிருந்த நேரம், ஒரு பின்னேரம் புதுக்குடியிருப்புப் பக்கத்தில இருந்து ஒரு தங்கச்சி கோல் எடுத்தா. எடுத்த உடனயே அழுகை. "அண்ணை, ஸ்கான் போல்டர் முழுக்கப் போட்டுது, நான்தான் அழிச்சுப்போட்டன்" எண்டு சொல்லுறா, அதுக்கு மேல கதைக்க ஏலேல்ல. அவ வேலை செய்யிறது ஒரு கிராமத்துச் சங்கத்தில, அங்க ஒரு பழைய கொம்பியூட்டர், விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு எண்ட லினக்ஸ் போட்டது, ஊர்ச்சனத்தின்ர காணி பெர்மிட், பிறப்புப் பத்திரம், மரணப் பத்திரம் எல்லாம் போனால படம் எடுத்து அதில சேர்த்து வைச்சிருந்தவை. டிஸ்க் நிரம்பிட்டுதெண்டு பழைய நகல்களை மட்டும் அழிக்கப் போய், பெயருக்கும் நட்சத்திரக் குறிக்கும் இடையில ஒரு ஸ்பேஸ் விழுந்திட்டுது. அந்த ஒரு ஸ்பேஸால "இந்தப் பெயரில தொடங்கிறதை அழி" எண்ட கட்டளை "இந்தப் பெயரையும் அழி, இஞ்ச இருக்கிற எல்லாத்தையும் அழி" எண்டு மாறிப்போச்சு. லினக்ஸில அழிக்கிற ஆர்எம் கட்டளை திருப்பிக் கேக்காது, குப்பைத்தொட்டிக்கும் அனுப்பாது.

உது என்ன பெரிய விஷயம், திரும்ப ஸ்கான் பண்ணலாமே எண்டு வெளியில இருக்கிற ஆக்கள் நினைப்பினம். 2009இல சனம் மாத்தளன், முள்ளிவாய்க்கால் எண்டு ஓடேக்க உடுப்பை விட்டிட்டு பொலித்தீன் பையில சுத்தின பெர்மிட்டைத்தான் இடுப்பில கட்டிக்கொண்டு போனது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில குடுத்த காணி பெர்மிட் சிலதில நடுவில மடிப்பு கிழிஞ்சு, மை ஊறி, எழுத்து அழிஞ்சுகொண்டு வருது. படம் எடுத்ததுக்குப் பிறகு மூலப் பத்திரம் பழுதாப்போன வீடுகளும் இருக்கு. அதால இந்தப் பைல் எனக்கு வெறும் பைல் இல்லை.

நான் இருந்தது கிளிநொச்சியில. பரந்தன் சந்தியால திரும்பி ஏ35 றோட்டில போகவேணும், மழை அடிச்சு ஊத்துது, பஸ்ஸும் இல்லை. கையில இருந்தது எஸ்எஸ்எச் லைன் மட்டும், அதாவது இஞ்ச இருந்து கட்டளை அடிச்சு இணையத்தால அங்கத்த மிஷினை ஓட்டுற வழி. அண்டைக்கு இரவு நான் யோசிச்ச வழிகளையும், எது எந்த நேரத்துக்குச் சரி எண்டதையும்தான் இதில எழுதுறன், ஏனெண்டால் உதே மாதிரிக் கோல் மல்லாவியில இருந்தும் மாங்குளத்தில இருந்தும் பிறகு எனக்கு வந்திருக்கு, ஒவ்வொருக்காலும் முதல் அரை மணித்தியாலத்தில செய்த வேலைதான் பைல் வாறதா இல்லையா எண்டதைத் தீர்மானிச்சது.

முதல்ல ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. டிலீட் பண்ணினா டேட்டா உடன அழியாது. காணிக்கு முன்னால நட்ட பெயர்ப்பலகையைப் பிடுங்கினது மாதிரி, காணி அங்கயேதான் கிடக்கும், வேற ஆள் வந்து வேலி போட்டு வீடு கட்டுமட்டும். வீடு கட்டிட்டா அவ்வளவுதான், எந்த சொஃப்ட்வெயராலயும் எடுக்கேலாது. அதால எந்த வழியை எடுத்தாலும் நான் முதல் கேக்கிற கேள்வி ஒண்டுதான்: இந்த வேலையால அந்த டிஸ்க்கில ஏதாவது புதுசா எழுதுப்படுமா? எழுதுப்படும் எண்டால் அந்த வழி வேண்டாம். ரெண்டாவது கேள்வி, எவ்வளவு டேட்டா லைனால ஓடவேணும்? எங்கட பக்கத்து 4ஜி ரவுட்டருக்கு இந்தக் கேள்விதான் கழுத்தைப் பிடிக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு நான் போனில சொன்ன முதல் வசனம், "ஒண்டையும் தொடாத, ஓஃப் பண்ணவும் வேண்டாம், பிரவுசர் திறந்திருந்தா அப்பிடியே விடு." ஓஃப் பண்ண வேண்டாம் எண்டு ஏன் சொன்னனான் எண்டால், கனபேர் "உடன பிளக்கைப் பிடுங்கு" எண்டு சொல்லுவினம், அது அரைவாசிதான் சரி. லினக்ஸில ஒரு பைலை ஒரு ப்ரோகிராம் திறந்து வைச்சிருக்கேக்க அதை அழிச்சா, பெயர் மட்டும்தான் போகும், அந்த ப்ரோகிராம் மூடுமட்டும் டேட்டா முழுசா உயிரோட இருக்கும். ப்ரொக் எண்ட போல்டருக்குள்ள அந்த ப்ரோகிராமின்ர இலக்கத்துக்குக் கீழ போய்ப் பார்த்தா, பக்கத்தில "டிலீட்டட்" எண்டு எழுதினபடி அந்த பைல் நிக்கும், அதை சாதாரண கொப்பி மாதிரி வேற டிஸ்க்குக்கு எடுத்துப்போடலாம். எல்எஸ்ஓஎஃப் கட்டளை இதைத் தேடித் தரும். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தா இது பெரிய அதிர்ஷ்டம், பெயர் அழிஞ்ச பிறகும் பெரும்பாலும் டேட்டாபேஸ் சேர்வரிட்டயே கேட்டு டம்ப், அதாவது முழு நகல், எடுக்கலாம். ரீஸ்டார்ட் பண்ணினீங்களோ, அந்த வாசல் அடைபட்டிட்டுது. ஆகவே சங்கக் கணக்கு மாதிரி எந்த நேரமும் ஓடுற ப்ரோகிராமின்ர பைல் எண்டால் ஓஃப் பண்ணவே வேண்டாம், எஸ்எஸ்எச்சால உள்ள போய் முதல்ல இதைப் பாருங்கோ, வேற எல்லா வழியையும் விட இது கெதியானது, பழைய பெயரும் தெரியும். எங்கட கதையில இருந்தது படங்கள், ஒண்டும் திறந்திருக்கேல்ல, அதால இது உதவேல்ல.

இன்னொரு சுகமான வழியும் இருக்கு, அதைப் பார்க்காமல் ஆரும் டிஸ்க்கைக் கிண்டப் போகாதேங்கோ: படம் எடுத்த போன். ஆர் எடுத்தது, அந்தப் போனில இன்னும் கிடக்கா, வாட்ஸ்அப்பில ஆருக்கும் அனுப்பினவையா, ஜிஎஸ்சுக்கு, அதுதான் கிராம சேவையாளருக்கு, மெயில் போனதா? எங்களுக்கு இப்பிடியே ஒரு நூற்றைம்பது படம் கிடைச்சுது. வாட்ஸ்அப்பால வந்த படம் பெரும்பாலும் சுருங்கித்தான் வரும், பெர்மிட்டில இருக்கிற சின்ன எழுத்து வாசிக்கேலாமப் போகலாம், ஆனாலும் இல்லாததுக்கு இருக்கிறது நல்லம்.

அதுக்குப் பிறகு பூட்டுறது. பைல் டிலீட் ஆன பாட்டிஷனை, அதாவது டிஸ்க்கில பிரிச்ச அந்தப் பங்கை, வாசிக்க மட்டும் எண்ட நிலைக்கு மாத்தவேணும், ரீட் ஒன்லி ரீமவுண்ட். ஹோம், அதாவது பாவிக்கிற ஆளின்ர பைல் கிடக்கிற போல்டர், தனிப் பாட்டிஷனில இருந்தா சுகம். எங்கட மிஷினில எல்லாம் ஒரே பாட்டிஷன், சிஸ்டமும் அதில, பைலும் அதில, சாதாரணமா ரீமவுண்ட் பண்ணப் போனா "பிஸி" எண்டு மறுக்கும். அப்ப சிஸ்ஆர்க்யூ எண்ட அவசர வழியால சிஸ்டத்தின்ர மையமான கர்னலுக்கே சொல்லி வலுக்கட்டாயமா மாத்தலாம், ரூட் எண்ட முழு நிர்வாக உரிமை இருந்தா எஸ்எஸ்எச்சுக்குள்ள இருந்தே அதைச் செய்யேலும், லைன் அறாது. ஆனா அதுக்கு முதலே, லைன் அறுந்தாலும் அங்க வேலையை ஓடவிடுற டீமக்ஸ் ஒண்டைத் திறந்து வைச்சிருங்கோ, இல்லாட்டி இடையில சிக்னல் போனால் நீங்கள் ஓடவிட்ட வேலையும் சேர்ந்து நிண்டுபோகும்.

இஞ்சதான் கனபேர் செய்யிற பிழை ஒண்டு. மீட்கிற சொஃப்ட்வெயரை அந்த மிஷினிலயே இன்ஸ்டோல் பண்ணுறது. இன்ஸ்டோல் பண்ணுற ஆப்ட் கட்டளை அடிச்ச உடன அது பட்டியல் இறக்கும், பொதி இறக்கும், லொக் எண்ட பதிவுக் குறிப்பு எழுதும், எல்லாம் அந்த வெறுமையான இடத்திலதான், உங்கட பெர்மிட் கிடக்கிற காணியிலதான் வேலி போடுது. டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் எண்ட ரெண்டு மீட்கிற சொஃப்ட்வெயரும் ஒரே பொதியில வாறது, இன்ஸ்டோல் பண்ணாமலே ஓடக்கூடிய வடிவத்தில இறக்கலாம். அதை உங்கட மிஷினில இறக்கி, எஸ்எஸ்எச் வழியால அங்கத்த ராமுக்குள்ள போடுங்கோ. லினக்ஸில டெவ் போல்டருக்குள்ள எஸ்எச்எம் எண்டு ஒரு இடம் இருக்கு, பார்க்க போல்டர் மாதிரி, ஆனா முழுக்க ராம். அதில போட்ட சாமான் டிஸ்க்கைத் தொடாது.

இப்ப உண்மையான தெரிவுக்கு வாறன். எங்களுக்கு முன்னால நாலு வழி கிடந்தது.

முழு டிஸ்க்கையும் லைனால இழுக்கிறது முதல் வழி. டிஸ்க்கை அப்பிடியே கொப்பி எடுக்கிற டிடி கட்டளையை அங்க ஓடவிட்டு, அது வாசிக்கிறதை எஸ்எஸ்எச் குழாயால இஞ்ச என்ர டிஸ்க்கில இமேஜா, அதாவது முழு டிஸ்க்கின்ர நகலா ஒரே பைலில, விழுத்திறது. எழுதுற வேலை முழுக்க என்ர பக்கம், அங்க ஒரு எழுத்தும் விழாது, ஆளும் தேவையில்லை, இணையத்தில இதைத்தான் எல்லாரும் முதல்ல சொல்லுவினம். கொழும்பில ஃபைபர் லைனில இருக்கிற ரெண்டு ஒஃபிஸுக்கு இது அருமையான வழி. எங்களுக்கு? அந்தப் பாட்டிஷன் 220 ஜிபி. அங்கத்த ரவுட்டர் மேல அனுப்புற வேகம் நல்ல நேரத்தில 3 எம்பிபிஎஸ், அது செக்கனுக்கு 3 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட். கணக்குப் போட்டுப் பாருங்கோ, 163 மணித்தியாலம், கிட்டத்தட்ட 7 நாள், அதுவும் கரண்ட் ஒருக்காலும் போகாம, சிக்னல் ஒருக்காலும் விழாம. சுருக்கி அனுப்பலாம்தான், ஆனா படங்கள் ஏற்கனவே சுருங்கினது, பெரிசா லாபம் வராது. பிறகு டேட்டா கார்ட் போடுற காசு. டிடி இடையில அறுந்தா எங்க விட்டதெண்டு அதுக்கு நினைவு இல்லை, நீங்கள்தான் கணக்கு வைச்சுத் தொடரவேணும். இந்த வழியை நான் அஞ்சு நிமிஷத்தில விட்டிட்டன். 20 ஜிபி பாட்டிஷன் எண்டால் ஒரு இரவிலயும் ஒரு காலமையிலயும் வந்திடும், அதுக்கு யோசிக்கலாம்.

ரெண்டாவது, அங்கத்த டிஸ்க்கை இஞ்ச இருக்கிற டிஸ்க் மாதிரிக் காட்டுறது. என்பிடி எண்டு ஒண்டு இருக்கு, அதை அங்க வாசிக்க மட்டும் எண்ட நிலையில ஓடவிட்டு, எஸ்எஸ்எச் சுரங்கத்தால இஞ்ச கொண்டுவந்தா, என்ர கொம்பியூட்டரில ஒரு புது டிஸ்க் முளைச்ச மாதிரித் தெரியும், அதில என்ர சொஃப்ட்வெயரை ஓட்டலாம். (எஸ்எஸ்எச்எஃப்எஸ்சோட இதைக் குழப்பவேண்டாம். அது உயிரோட இருக்கிற பைலை மட்டும்தான் காட்டும், அழிஞ்சதை அதுக்குள்ளால தேடுறது கடைச் சாமானைக் கண்ணாடிக்கு வெளியில நிண்டு எடுக்கப் பாக்கிற மாதிரி.) கேக்க அழகா இருக்கும். ஆனா என்ன சொஃப்ட்வெயர் ஓட்டப் போறீங்கள் எண்டதில எல்லாம் தங்கியிருக்கு. ஃபோட்டோரெக் மாதிரி டிஸ்க்கை முழுக்க வாசிக்கிற ஆள் எண்டால், அது வாசிக்கிற ஒவ்வொரு துண்டும் லைனாலதான் வரும், திரும்ப அந்த 7 நாள் கதைதான். எந்தப் பைல் எங்க கிடக்கு எண்ட அட்டவணையை மட்டும் வாசிச்சு, தேவையான பைலை மட்டும் எடுக்கிற ஆள் எண்டால் கொஞ்ச டேட்டாதான் ஓடும், அப்ப இந்த வழி வெல்லும். விண்டோஸ் டிஸ்க்குக்கு இது நல்லாப் பொருந்தும், அதின்ர என்டிஎஃப்எஸ் எண்ட பைல் சிஸ்டத்தில அழிஞ்ச பைலின்ர பெயரும் அது இருந்த இடமும் அட்டவணையில கன நாளைக்குக் கிடக்கும். ஆர்-ஸ்டூடியோ மாதிரிக் காசு குடுத்து வாங்கிற சொஃப்ட்வெயர்களும் அங்கால ஒரு சின்ன ஏஜென்ட்டை ஓடவிட்டு இதே முறையிலதான் வேலை செய்யுது. உபுண்டுவில வழக்கமா வாற ஈஎக்ஸ்ட்4 பைல் சிஸ்டம் அப்பிடி இல்லை, அது அழிக்கேக்க "டேட்டா எங்க கிடக்கு" எண்ட குறிப்பையும் சேர்த்துத் துடைச்சுப்போடும், ஜேர்னல் எண்ட நாட்குறிப்பில மட்டும் பழைய பிரதி கொஞ்சம் மிஞ்சும், அதுவும் சின்ன இடம், சுத்திச் சுத்தி மேலால எழுதுப்படுற இடம்.

மூண்டாவது வழியைத்தான் நாங்கள் எடுத்தது, இந்தப் பக்கத்தில இருக்கிற ஆக்களுக்கு நான் முதல்ல சொல்லுறதும் இதைத்தான். அங்க ஒரு யூஎஸ்பி ஹாட் டிஸ்க்கைக் குத்தச் சொல்லுறது. இமேஜ் அங்கயே அதில விழும், தேடுறதும் அங்கயே நடக்கும், இஞ்ச இருந்து போறது நான் அடிக்கிற கட்டளை மட்டும், இஞ்ச வாறது மீண்ட பைல் மட்டும். பழைய யூஎஸ்பி 2 வாசலில செக்கனுக்கு 30 எம்பி ஓடினாலே 220 ஜிபிக்கு ரெண்டு மணித்தியாலம் சொச்சம். 7 நாளுக்குப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. மீண்ட படங்கள் 3 ஜிபி வந்தது, அதை 3 எம்பிபிஎஸ் லைனால எடுக்க ரெண்டேகால் மணித்தியாலம். இதுக்கு அங்க ஒரு ஆள் வேணும், ஒரு டிஸ்க் வேணும், அவ்வளவுதான்.

டிஸ்க் எங்க எடுக்கிறது? இரவு ஏழு மணி, கடை பூட்டியாச்சு. தங்கச்சி யோசிச்சுப்போட்டு ஊரில கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற தம்பியிட்ட ஓடினா, அவர் மழைக்க நனையாம சேட்டுக்குள்ள வைச்சு ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து தந்தார், அதில அவரின்ர ரெண்டு வருஷத்து வீடியோ கிடக்கு, மிச்சம் 300 ஜிபி வெறுமை. இதில ரெண்டு விஷயம் கவனிக்கவேணும். ஊரில கிடைக்கிற பென் டிரைவும் சின்ன டிஸ்க்கும் கனக்க ஃபாட்32 எண்ட பழைய பைல் சிஸ்டத்தில இருக்கும், அதில 4 ஜிபிக்கு மேல ஒரு பைல் விழாது, இமேஜ் இடையில நிண்டுபோகும். எங்களுக்கு வந்தது அந்த 4 ஜிபி எல்லை இல்லாத எக்ஸ்ஃபாட், தப்பினம். அடுத்தது, டிடியில எது மூலம் எது இலக்கு எண்டதை மாத்தி அடிச்சா அந்தத் தம்பியின்ர கலியாண வீடு எல்லாம் ஒரு நிமிஷத்தில போகும், டிடியும் ஆர்எம் மாதிரித்தான், திருப்பிக் கேக்காது. நான் டிஸ்க்குகளைப் பட்டியல் போடுற எல்எஸ்பிஎல்கே அடிச்சு அளவைப் பார்த்து, தங்கச்சியைப் போனில வைச்சுக்கொண்டு அந்த டிஸ்க்கைக் கழட்டச் சொல்லி, எது மறையுது எண்டு பார்த்து, திரும்பக் குத்தச் சொல்லி எது வருது எண்டு பார்த்துத்தான் என்டரைத் தட்டினனான். டிஸ்க்குக்கு நேரா எழுதாமல் அதுக்குள்ள ஒரு பைலாத்தான் இமேஜை விழுத்தினது.

கரண்ட்தான் பயம். இதை வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ: இடையில கரண்ட் போய்த் திரும்ப வந்து மிஷின் தானா பூட் ஆனால், பூட் ஆகிறதே எழுத்துத்தான், லொக், தற்காலிக பைல், ஜேர்னல் எல்லாம் அந்த வெறும் இடத்தில விழும். நான் தங்கச்சிக்குச் சொன்னது, கரண்ட் போனால் உடன பின்னால இருக்கிற பிளக்கைக் கழட்டு, வந்தாப் பிறகும் போடாத. அப்பிடி நடந்திருந்தா அடுத்த நாள், டிஸ்க்கில இன்ஸ்டோல் பண்ணாமலே ஓடுற உபுண்டு லைவ் யூஎஸ்பி ஒண்டால பூட் பண்ணி, அந்த லைவ் நிலையில எஸ்எஸ்எச் சேர்வரைப் போட்டு, அங்க இருந்து தொடர்ந்திருப்பம். உண்மையில திறந்திருக்கிற பைல் ஒண்டும் இல்லை, லைவ் யூஎஸ்பியும் கையில இருக்கு எண்டால் முதலே அதாலதான் பூட் பண்ணவேணும், அது ராமில ஓடும், உள் டிஸ்க்கை நீங்கள் மவுண்ட் பண்ணாதவரைக்கும் அதில ஒரு எழுத்தும் விழாது, வலுக்கட்டாய ரீமவுண்ட் எல்லாம் தேவையில்லை. எங்களுக்கு இல்லை, அதால இருந்த செஷனிலயே செய்தம். யூபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும் எண்டு சொன்னவ. நான் இஞ்ச திரையில எம்பி ஏறுறதைப் பார்த்துக்கொண்டு நித்திரை கொள்ளேல்ல, பத்தே முக்காலுக்கு இமேஜ் முடிஞ்சுது, அதுக்குப் பிறகுதான் அவ சாப்பிடப் போனவ.

நாலாவது வழி பஸ். சிரிக்காதேங்கோ, நல்ல வழி அது. மிஷினை ஓஃப் பண்ணி, டிஸ்க்கைக் கழட்டி, துவாயில சுத்தி, பெட்டியில போட்டு கொண்டக்டரிட்ட குடுத்துவிட்டா அடுத்த நாள் மத்தியானம் கிளிநொச்சி பஸ் ஸ்டாண்டில எடுக்கலாம். எங்கட பக்கத்து எந்த 4ஜி ரவுட்டராலயும் 220 ஜிபியை அந்த வேகத்தில கொண்டுவரேலாது. டிஸ்க் "டிக் டிக்" எண்டு சத்தம் போடுது, வாசிக்க வாசிக்கப் பிழை காட்டுது எண்டால் லைனால தொடவே வேண்டாம், ஒவ்வொரு நிமிஷமும் அது இன்னும் பழுதாகும், உடன நிப்பாட்டி ஆளோட அனுப்பவேணும். பழுதான டிஸ்க்கில இமேஜ் எடுக்க டிடியை விட டிடிரெஸ்க்யூ நல்லம், அது எடுக்கக்கூடியதை முதல் எடுத்து, விட்ட இடத்தைக் குறிச்சு வைச்சுத் திரும்ப வந்து முயற்சிக்கும். பஸ்ஸில எனக்குப் பிடிக்காதது ஒண்டுதான், அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது ஊர்ச்சனத்தின்ர அடையாள அட்டை இலக்கமும் காணிப் பத்திரமும். துலைஞ்சா? அதால அனுப்பினா தெரிஞ்ச ஆளின்ர கையிலதான் அனுப்புங்கோ.

அதே காரணத்துக்காகத்தான் லைனையும் கவனமாப் பார்க்கச் சொல்லுறன். சிலபேர் எஸ்எஸ்எச் மறைகுறியாக்கம் வேகத்தைக் குறைக்கும், மறைக்காமல் அனுப்புற நெட்கட் எண்ட கட்டளையால வெறுமனே அனுப்புவம் எண்டு சொல்லுவினம். 3 எம்பிபிஎஸ் லைனில எந்தப் பழைய கொம்பியூட்டரும் மறைகுறியாக்கத்தில மூச்சு வாங்காது, தடக்குறது லைன். நெட்கட்டில போற பெர்மிட் வழியில நிக்கிற ஆரும் வாசிக்கலாம். 4ஜி ரவுட்டருக்கு வழக்கமா வெளியில இருந்து உள்ள வர முகவரி கிடைக்காது, அதால அங்கத்த மிஷின் வெளியில இருக்கிற ஒரு சின்ன சேர்வருக்குத் தானாக் கோல் எடுத்து வைச்சிருக்கும், நான் அந்த சேர்வரால திரும்பி உள்ள போவன், ரிவேர்ஸ் டனல் எண்டு சொல்லுறது. அப்பிடிப் போகேக்க "இந்த மிஷினின்ர சாவி மாறியிருக்கு" எண்டு எச்சரிக்கை வந்தா அவசரத்தில யெஸ் அடிக்காதேங்கோ. அங்க நிக்கிற ஆளிட்ட அந்தச் சாவியின்ர ஃபிங்கர்பிரிண்ட் எண்ட அடையாள எழுத்துகளில கடைசி ஆறையாவது போனில வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ, அரை நிமிஷம்தான்.

இன்னொண்டு, இமேஜ் எடுத்தா அதில சங்கத்துப் பைல் மட்டும் இல்லை, அந்த மிஷினை எப்பவாவது பாவிச்ச எல்லாரும் அழிச்ச எல்லாமும் கிடக்கும், ஆரின்ரயோ குடும்பப் படம், ஆரோ எழுதின கடிதம். எடுக்க முதல் சங்கத் தலைவரிட்டச் சொல்லி ஓம் வாங்கினனான். வேலை முடிஞ்ச பிறகு அந்த வீடியோத் தம்பியின்ர டிஸ்க்கில இருந்த இமேஜை மேலால எழுதி அழிச்சுப்போட்டுத்தான் டிஸ்க்கைத் திருப்பிக் குடுத்தது. மற்ற ஆளின்ர அழிஞ்ச பைலை அவரின்ர அனுமதி இல்லாமல் தட்டிப் பார்க்கிறது மற்ற வீட்டு அலுமாரியைத் திறக்கிறதுதான்.

எஸ்எஸ்டி இருந்தா கதை வேற, அதைச் சுருக்கமாச் சொல்லுறன். எஸ்எஸ்டியில ட்ரிம் எண்டு ஒண்டு இருக்கு, வெறுமையான இடத்தை டிஸ்க்கே துடைச்சுப்போடும். விண்டோஸ் அழிச்ச உடனயே ட்ரிம் சொல்லிடும். உபுண்டுவில வழக்கமா கிழமைக்கு ஒருக்கா, திங்கக்கிழமை தொடங்கேக்க ஓடும். ஞாயிறு பின்னேரம் அழிச்சுப்போட்டு காலமை பார்ப்பம் எண்டு படுத்தா காலமை ஒண்டும் இராது. எஸ்எஸ்டி எண்டு தெரிஞ்சா எஸ்எஸ்எச்சால உள்ள போய் முதல் வேலையா ட்ரிம்மை நேரத்துக்கு ஓட்டுற அந்த எஃப்எஸ்ட்ரிம் டைமரை நிப்பாட்டுங்கோ, மிச்சத்தைப் பிறகு யோசிப்பம்.

விண்டோஸ் மிஷினுக்கு கனபேர் திரையைப் பிடிச்சுக் காட்டுற ரிமோட் சொஃப்ட்வெயரால போய், அங்கயே ரெக்குவா எண்ட மீட்கிற சொஃப்ட்வெயரை இறக்கி, அங்கயே சீ டிரைவில மீட்கினம். மூண்டும் பிழை: இறக்கினது எழுத்து, இன்ஸ்டோல் எழுத்து, மீட்டதும் எழுத்து. அங்க முதல்ல விண்டோஸ் எடுத்து வைச்ச முந்தைய பதிப்பு, அதுதான் ஷடோ கொப்பி, இருக்கா எண்டு பாருங்கோ, இருந்தா வேலை ரெண்டு நிமிஷம். நெட்வேர்க் ஷெயருக்கால அழிச்ச பைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, அதில தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம். விண்டோஸ் 10இன்ர 1809 பதிப்பில இருந்து எஸ்எஸ்எச் சேர்வரும் உள்ளயே சேர்க்கக்கூடியதா வருது, முதலே போட்டு வைச்சிருந்தா திரை இல்லாமலே உள்ள போகலாம். மைக்ரோசொஃப்ட்டின்ர ஃபைல் ரிக்கவரி கட்டளை மீட்ட பைலை வேற டிரைவில போட்டாத்தான் ஓடும், நல்ல பழக்கம் அது.

இமேஜ் கையில வந்த பிறகு எந்த சொஃப்ட்வெயர்? இதில எனக்குத் திடமான அபிப்பிராயம் இருக்கு. முதல்ல ஈஎக்ஸ்ட்4மஜிக், அது ஜேர்னலை வாசிச்சு பெயரோட போல்டரோட தரப் பார்க்கும், கெதியா முடியும், அழிச்சு அதிக நேரம் ஆகாட்டி நல்லா வேலை செய்யும். வாறது வரட்டும், மிச்சத்துக்கு ஃபோட்டோரெக். அது பைல் சிஸ்டத்தையே பார்க்காது, டிஸ்க்கில ஒரு படம் தொடங்கிற அடையாளத்தைத் தேடித் தேடி அள்ளும், அதால குழம்பின டிஸ்க்கிலயும் பெரும்பாலும் ஏதாவது தரும். ஆனா பெயர் வராது, எஃப் எழுத்துக்குப் பின்னால ஒரு நீள இலக்கம்தான் வரும். வெறுமையான இடத்தை மட்டும் தேடு எண்டு அதில சொல்லலாம், சொல்லாட்டி உயிரோட இருக்கிற படங்களையும் அள்ளிக்கொண்டு வந்து குவிச்சுப்போடும். யூஎஸ்பிக்குள்ள போய் நிண்டு அதை ஓட்டுங்கோ, ஏனெண்டால் அது தன்ர குறிப்புப் பைலை நிக்கிற இடத்திலதான் எழுதும். எக்ஸ்டண்டிலீட் எண்டு பழைய கட்டுரைகளில கனக்கச் சொல்லுவினம், இப்பத்த ஈஎக்ஸ்ட்4 டிஸ்க்குகளில அது தடுமாறுது, நான் அதில நேரம் செலவழிக்கிறேல்ல.

இருநூறு படம் மட்டில பெயரோட வந்தது. மிச்சம் ஃபோட்டோரெக்கால வந்தது ஆயிரத்துக்கு மேல, அதில நாப்பதுக்குக் கிட்ட பாதிப் படம், மேல் பக்கம் பெர்மிட் தெரியுது, கீழ் பக்கம் சாம்பல் நிறம், அந்தத் துண்டில வேற ஏதோ எழுதுப்பட்டிட்டுது. போனால எடுத்த படம் எண்டபடியால் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளயே இருந்தது, அதை வைச்சுப் பெயர் மாத்தினம், அப்ப ஒரே நாளில எடுத்த ஒரே வீட்டுப் பத்திரங்கள் ஒண்டாச் சேர்ந்து வந்தது. அங்கயும் இஞ்சயும் ஷா256 எண்ட சரிபார்ப்பு இலக்கம் போட்டு ஒத்துப்பார்த்துத்தான் அங்கத்த பிரதியை அழிச்சது.

ஆகவே உங்களுக்கு இப்பிடிக் கோல் வந்தா: ப்ரோகிராம் திறந்து வைச்சிருக்கிற பைல் எண்டால் ஓஃப் பண்ணாமல் ப்ரொக்கில தேடுங்கோ. டிஸ்க் சத்தம் போட்டால் நிப்பாட்டி ஆளோட அனுப்புங்கோ. அங்க ஒரு பொறுப்பான ஆளும் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கும் இருந்தா மூண்டாவது வழி. அங்க ஆளே இல்லை, பாட்டிஷனும் சின்னது எண்டால் மட்டும் லைனால இமேஜ். இப்ப அந்தச் சங்கத்து மேசை லாச்சிக்குள்ள லைவ் யூஎஸ்பி ஒண்டும், சங்கக் காசில வேண்டின 1 டிபி டிஸ்க் ஒண்டும் கிடக்குது, ஒவ்வொரு வெள்ளியும் தங்கச்சி அதுக்குக் கொப்பி எடுத்துப்போட்டு கழட்டி வைக்கிறா, செருகினபடி விடுறேல்ல.

அந்த நாப்பது பாதிப் படத்தின்ர வீடுகளுக்கும் அவவே சைக்கிளில போய்த் திரும்பப் படம் எடுத்தவ. முப்பத்தாறு வீட்டில பத்திரம் இருந்தது. மிச்ச நாலு வீட்டுக்கும் பாதிப் படத்தில தெரியிற பெர்மிட் இலக்கத்தை எழுதிக் குடுத்து, பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போறதுக்கு நாள் கேட்டிருக்கிறா.